பாட்டி பிறந்த ஊர் எது?

போன மாசம், எங்கள் பக்கத்து வீட்டுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். கையில், பழைய கப்பல் பட்டியலின் நகல்.

கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு, சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், 1860 நவம்பர் 16ல் டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை இப்படிக் கப்பல் கப்பலாய் போயிருக்கிறார்கள். அவரவர் பெயருக்கு நேரே தகப்பன் பெயர், வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரை குறித்திருக்கிறார்கள்.

அந்தம்மாவின் பூட்டிக்கு வட ஆற்காடு, போளூர் என்பது வரை தெளிவு. கிராமத்தின் பெயர்தான் புரியவில்லை. 'புடவைட்' என்று படித்துவிட்டு, புதுவீடு என்று ஊர் இருக்கிறதா என ரெண்டு நாள் அலைந்திருக்கிறார், பாவம்.

இங்கிலீஷில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. தரங்கம்பாடியே 'டிராங்குபார்' ஆகிவிட்டபோது, குக்கிராமத்தின் பெயர் தப்புமா? போதாக்குறைக்கு கூட்டெழுத்து, 'ஏ'யும் 'யு'வும் ஒன்றுபோலவே தெரிகிறது.

எங்கள் மாமியார் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ''உங்க வீட்ல எந்த சாமிம்மா கும்பிடுவீங்க?'' என்று மட்டும் கேட்டார். ''ரேணுகாம்மா'' என்றார் அவர். ''அட, நம்ம படவேடு!'' என்றார் மாமியார். 'யு'வை 'ஏ' என்று மாற்றிப் படித்தால், அப்படியே பொருந்துகிறது! வெளியூர்க்காரர்கள் பலருக்கும் ரேணுகாம்பாள் குலதெய்வம்தான். சாமியை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் தாலுகா, எழுத்து, சாமி மூன்றும் ஒத்துப்போனதே! அந்தம்மா, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கூலியாகப் போன பெண்ணுக்குக் கூட அவள் பிறந்த ஊரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டியை நாங்கள் எல்லாரும் 'கண்ணமங்கலத்துப் பாட்டி' என்போம். அது அவர் வாழ்க்கைப்பட்ட ஊர். பிறந்தது எங்கே? வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தாத்தா வழியில் மட்டும் நாலு தலைமுறைக்கு ஊர், பேர் சொல்கிறார்கள்!

பெரியம்மாவுக்கு போன் போட்டேன். ''ஏதோ ஆத்தங்கரை ஊருடி... பேரு நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது'' என்றார். அவருக்கு 82 வயசு. வர்ற ஞாயிறு, நோட்டும் பேனாவுமாக நேரிலேயே போகிறேன். என்ன சாமி கும்பிட்டார்கள் என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன்.

- ஒரு வாசகி, வேலூர்.