தென்காசி கோபுரக் காற்று: மர்மமா, மலைக் கணவாயா?

தென்காசிக்கு வந்து போனவர்கள் குற்றால அருவிக்கு அடுத்தபடியாகச் சொல்வது காசி விஸ்வநாதர் கோவில் காற்றைத்தான். கிழக்கு வாசலில் கோபுரத்துக்குள் நுழைந்தால் காற்று முகத்தில் அடித்து வெளியே தள்ளும். அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளும். சாரல் சீசனில் வந்தால் வேட்டி பத்திரம், சொல்லிவிட்டேன் :-)

இதைப் பற்றி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாண்டியர்களின் ரகசியத் தொழில்நுட்பமாம், நவீன விஞ்ஞானமே திணறுகிறதாம். யாரும் திணறவில்லை சாமி! நான் படிப்பது காமர்ஸ்தான், ஆனாலும் இது புரிய பிளஸ் டூ இயற்பியலே அதிகம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று பெரிய இடைவெளிகள் உண்டு: பாலக்காடு, ஆரல்வாய்மொழி, நம்ம செங்கோட்டை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு செங்கோட்டைக் கணவாய் வழியே பிதுங்கிக்கொண்டு வரும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும்போது குற்றாலத்தில் சாரல் அடிப்பது இதனால்தான். சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இதே காற்றை நம்பித்தான்.

அந்த மேல்காற்றுக்குக் குறுக்கே சுமார் 180 அடி உயரத்துக்குக் கோபுரம் நிற்கிறது. மோதிய காற்றில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கும். மேற்குப் பக்கம் அழுத்தம் கூடுதல், கிழக்குப் பக்கம் குறைவு. நடுவில் இருக்கிற ஒரே ஓட்டை வாசல்தான். அதனால் காற்று அதற்குள் சீறிப் பாய்கிறது. அதுதான் முகத்தில் அடிப்பது. கீழே இறங்கியதில் மீதி, தரையில் பட்டுச் சுருண்டு மேற்கே திரும்பும். முதுகில் தள்ளுவது அந்தச் சுழல். உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களின் அடியிலும் இதே கதைதான், அங்கே குடை பிய்த்துக்கொண்டு போகும்.

ஃபார்வர்டு எழுதியவர் ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிட்டார். கோவில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது, சரி. ஆனால் பழைய கோபுரம் சிதைந்து பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990ல் குடமுழுக்கு கண்டது. அதில் மோதி இறங்கும் காற்றுக்குப் பாண்டியனிடம் ராயல்டி கேட்பது எந்த ஊர் நியாயம்?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த மன்னன் நிஜமாகவே ஒன்றை விட்டுப் போயிருக்கிறான். இந்தக் கோவிலுக்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிகிறேன் என்று பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்தான். ஒரு அரசன், முகம் தெரியாத யாரோ ஒருவர் முன்னால் தலைகுனிகிறான்! இதை ஃபார்வர்டு செய்ய ஆளில்லை. அவன் சொல்லாத காற்றுக் கதை மட்டும் ஊர் ஊராகப் போகிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு முழ நூல் போதும். ஆனி மாதம் ஒரு சாயங்காலம் அதை வாசலுக்குள்ளும், பத்தடி உள்ளேயும் பிடித்துப் பாருங்கள். பிறகு கார்த்திகையில், மேல்காற்று ஓய்ந்து வாடைக்காற்று வரும்போது, அதே இடங்களில் பிடியுங்கள். கட்டடத்துக்குள் ஒளித்து வைத்த ரகசியமென்றால் இரண்டு முறையும் நூல் ஒரே மாதிரி ஆட வேண்டும். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.