குதிரையில் வராத ராஜா

2025 ஏப்ரல் 13ஆந் திகதி குருத்தோலை ஞாயிறு. மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. ஆலயத்திலிருந்து ஓலைச் சிலுவையோடு பிள்ளைகள் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில் பக்கத்துக் காம்பராவில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கும். கோவில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதும் இதே குருத்தோலையில்தான். மடிப்பு மட்டுந்தான் வேறு.

இது சங்கப் பத்திரிகை. சந்தா கட்டும் தோழர்களில் பெரும்பாலானோர் கோவிலுக்குப் போகிறவர்கள். வேதக்காரர் சிறு தொகையினர். சங்கத்துக்கு மதமில்லை, இருக்கவும் கூடாது. அப்படியிருந்தும் இம்மாத ஆசிரியர் தலையங்கத்தைக் குருத்தோலை ஞாயிறு பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. 2025 மே 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல். அதற்கு முன்னே மே தினம். இந்த நாலு கிழமைக்குள் புசல்லாவை டவுனிலிருந்து கடைசி டிவிசன் வரை எத்தனை வாகனங்கள் ஏறி வரும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைவன் என்பவன் எப்படி வருவான் என்ற கேள்விக்கு, 2,500 வருடத்துக்கு முந்திய ஓர் ஏட்டில் ஒரு பதில் இருக்கிறது. அது நமக்கும் உதவும் என்று நினைக்கிறோம்.

அந்த ஏடு சகரியாவின் தீர்க்கதரிசனம். கத்தோலிக்கத் தோழர்கள் செக்கரியா என்பார்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊர் திரும்பி, இடிந்த எருசலேமில் ஆலயத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலம், கி.மு. 520 அளவில், சகரியா பேசினார். நாம் சொல்லும் ஒன்பதாம் அதிகாரம் அதற்கும் பிந்தியது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த மக்களுக்குச் சொந்த அரசன் இல்லை. வரி பாரசீகப் பேரரசனுக்கு. நிலம் தங்களுடையது என்று சொல்லலாம், ஆனால் அதிகாரம் வேறு எங்கோ. இந்த நிலைமையை விளங்கிக்கொள்ள மலையகத் தொழிலாளிக்கு அதிக நேரம் தேவைப்படாது.

அவர்களிடம் சகரியா சொன்னது இதுதான்: உங்கள் அரசன் வருவான், நீதியோடு வருவான், ஆனால் கழுதைக்குட்டியின் மேல் ஏறி வருவான். அடுத்த வசனத்தில் இன்னொன்றையும் சொல்கிறார். தேரும் போர்க்குதிரையும் வில்லும் நாட்டிலிருந்து ஒழிந்து போகுமாம். எதிரியின் குதிரை மட்டுமல்ல, சொந்த ஊரின் குதிரையுந்தான்.

கழுதை என்றதும் நமக்குச் சிரிப்பு வரும். அந்த நாட்டில் அது கேலிக்குரிய மிருகமாக இருக்கவில்லை. அவர்களின் பழைய நியாயாதிபதிகள் காலத்தில் பெரிய குடும்பத்தார் கழுதையில் போனதாக வேதாகமத்திலேயே உண்டு. தாவீது ராஜா தன் மகன் சாலொமோனைப் பட்டத்துக்கு அனுப்பியது தன் கோவேறு கழுதையில் ஏற்றித்தான். குதிரை வந்தது பிறகு, படையோடும் பேரரசோடும். ஆகவே கழுதையில் வரும் அரசன் என்றால் கோமாளி என்று பொருளில்லை, படையில்லாமல் வரும் அரசன் என்று பொருள். சகரியா அவனைக் குறிக்க எழுதிய எபிரேயச் சொல்லுக்குப் பணிவுள்ளவன் என்ற பொருளோடு எளியவன், ஒடுக்கப்பட்டவன் என்ற பொருளும் உண்டு. மக்களுக்கு இரங்கிக் கீழே குனியும் பெரிய மனிதனை அது காட்டவில்லை. அந்த அரசன் அவர்களில் ஒருவன்.

இயேசு எருசலேமுக்குள் நுழைந்தபோது கழுதைக்குட்டியைக் கேட்டு வாங்கி ஏறியது இதை நினைவில் வைத்துத்தான் என்று மத்தேயுவும் யோவானும் எழுதுகிறார்கள். (மத்தேயு தாய்க்கழுதையையும் சேர்த்து இரண்டு மிருகம் என்கிறார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் எப்போதும் கேட்கும் கேள்வி அது.) அது பஸ்கா பண்டிகைக் காலம். ரோம தேசாதிபதி வழக்கமாக இருந்தது கடற்கரைப் பட்டணமான செசரியாவில்; பண்டிகைக்குக் கூட்டம் சேர்ந்தால் கலகம் வரும் என்று படையோடு எருசலேமுக்கு வருவான். அந்த வாரத்தில் அந்த ஊர் மக்கள் குதிரையையும் பார்த்தார்கள், கழுதையையும் பார்த்தார்கள். ஓலையைப் பிடித்துக்கொண்டு 'ஓசன்னா' என்று கத்தினார்கள். இன்று அதைத் துதிச் சொல்லாகப் பாடுகிறோம். மூலத்தில் அது 'காப்பாற்று' என்ற கோரிக்கை. கோஷம் என்றே சொல்லலாம்.

குதிரை எப்படியிருக்கும் என்பது புசல்லாவைக்குத் தெரியும். 1841இல் வேர்ம்ஸ் சகோதரர்கள் இங்கே காட்டை வெட்டி ரொத்சைல்ட் தோட்டத்தைக் கோப்பியோடு ஆரம்பித்தார்கள். சீனத் தேயிலைக் கன்றையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். ஹேவாஹெட்டை லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போடுவதற்கு இருபத்தைந்து வருடத்துக்கு முன்னரே. அந்தக் காலத்துத் துரை மலை பார்க்கக் குதிரையில் வருவார். குதிரைச் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு இறங்கி, தலைப்பாகையை அவிழ்த்து, மழையானாலும் குடையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குதிரை போய் மோட்டார் சைக்கிள் வந்தது, பிறகு ஜீப் வந்தது. ஓரமாக இறங்கி நிற்பது மட்டும் வெகுகாலம் போகவில்லை.

இந்த இடத்தில் எமது கிறிஸ்தவத் தோழர்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தாழ்மை என்ற சொல் தோட்டத்தில் நமக்கு எதிராகவும் பயன்பட்டிருக்கிறது. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே ஒரு மிஷன் இந்த மலைகளில் வேலை தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் அந்த மிஷனுக்குத் துரைமாரின் பணமும் வந்தது. துரை காசு கொடுக்கும் இடத்தில் அடக்கம், கீழ்ப்படிவு, பொறுமை பற்றிய பிரசங்கம் சற்றுக் கூடுதலாகத்தானே இருக்கும்? கோவில் பக்கமும் இதற்குக் குறைவில்லை, அங்கே அதன் பெயர் தலைவிதி.

கழுதையில் வந்தவர் அடங்கிப் போகவில்லை. கூட்டத்தை அதட்டச் சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. ஊருக்குள் நுழைந்தவர் நேரே போனது ஆலயத்துக்கு. அங்கே காசு மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்த்தார். மாற்கு அது மறுநாள் நடந்தது என்கிறார், மத்தேயு அன்றைக்கே என்பதுபோல எழுதுகிறார். அந்த வித்தியாசம் நமக்கு முக்கியமில்லை. ஏழை யாத்திரிகனின் காசில் வட்டம் பிடித்தவர்களிடம் அவர் பணிவு காட்டவில்லை. எளிமையாக வருவதும் அநியாயத்துக்குத் தலையாட்டுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சகரியாவில் இன்னோர் இடம் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறன்று அதை யாரும் வாசிப்பதில்லை. பதினோராம் அதிகாரத்தில் ஒரு மேய்ப்பன் தன் கூலியைக் கேட்கிறான். மனமிருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்கிறான். முப்பது வெள்ளிக்காசை நிறுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல மதிப்புத்தான் போட்டார்கள் என்ற ஏளனத்தோடு அதை ஆலயத்தில் எறிந்துவிடும்படி கடவுளே சொல்கிறார். ஏன் ஏளனம்? மோசேயின் சட்டத்தில், ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய அடிமையை முட்டிக் கொன்றால் எஜமானுக்குக் கட்ட வேண்டிய நட்டம் அதே முப்பது வெள்ளி. வேலை செய்தவனுக்குச் செத்த அடிமையின் விலையைக் கூலியாக நிறுத்திருக்கிறார்கள். இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கியதும் அந்தத் தொகைதான் என்று மத்தேயு எழுதுகிறார்.

நிறுவையிலே குறைவதையும், மனமிருந்தால் கொடுங்கள் என்று கேட்டு நிற்பதையும் பற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு யாரும் வியாக்கியானம் சொல்லத் தேவையில்லை. 2015இல் ஆயிரம் ரூபா கேட்கத் தொடங்கினோம். 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்குள் ஆயிரம் ரூபாவின் பெறுமதி என்னவாயிற்று என்று கடைக் கொப்பியைப் பார்த்தால் தெரியும். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். வெடி போட்டோம், மாலை போட்டோம். கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக நிலைத்தது 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம். 2025 வரவு செலவுத் திட்டத்திலும் 1,700 என்ற தொகை பேசப்பட்டது. பேச்சு செக்ரோலில் ஏறும் நாளைத்தான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூலி கேட்டதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவரும் நம்மில் உண்டு. 1940 ஜனவரி 10ஆந் திகதி ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தன் படை கொண்டு போகவில்லை. சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் நின்ற தொழிலாளி அவர்.

மலைநாட்டில் கழுதை கிடையாது. கழுதையைப் பார்க்க வேண்டுமென்றால் மன்னாருக்குப் போக வேண்டும். அந்தப் பட்டணத்தில் இன்றும் அவை ரோட்டோரமாக, கடைவாசலில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. கோப்பிக் காலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்து இறங்கிய நம் முன்னோர் முதலில் மிதித்ததும் அந்த மண்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. அதே பாதையில் 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நினைவுப் பயணம் ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் முடிந்தது. இருநூறு வருடத்தின் நினைவாக, சமமான பிரஜைகள் என்ற அந்தஸ்தும் காணியும் வீடும் கேட்டு நடந்தார்கள். கிறிஸ்தவக் குருமாரும் சிங்கள நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும் கூட நடந்தார்கள். வழியில் ஊர்க்காரர்கள் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். குருத்தோலைப் பவனி என்றால் எமக்கு இப்போது அந்த நடைதான் கண்ணில் வருகிறது.

திருச்சபைக்குள்ளும் குதிரையை விட்டு இறங்கியவர்கள் உண்டு. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்குப் போனார். கண்டியின் பெருமையோடு பார்த்தால் அது ஒரு மூலை. அதே வருடம் கண்டியில் சத்தியோதயத்தை ஆரம்பித்த இயேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ், 2017இல் இறக்கும்வரை நம் மக்களின் பிரஜாவுரிமைக்காகவும் சம்பளத்துக்காகவும் எழுதினார், பேசினார். அவர் தமிழருமல்ல, தோட்டத்தில் பிறந்தவருமல்ல.

இனி எம் பக்கம். மற்றவர்களின் குதிரையைப் பேசிவிட்டு எமது குதிரையை மறைத்தால் இந்தத் தலையங்கத்துக்கு மரியாதை இல்லை. ஒரு கூட்டத்தில் நாமும் இதைச் செய்தோம். பத்து மணிக்கு என்று அறிவித்து, காலைக் கொழுந்தை விட்டு அரை நாள் பேரை இழந்து வந்த பெண்களை வெயிலில் இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்தோம். மேடை வாகனம் வரவில்லை என்பது காரணம். வந்ததும் மேளம், பொன்னாடை, ஆளுயர மாலை. நாற்காலிகள் மேடையில் இருந்தன, கீழே ஒன்றுமில்லை. நிறைமாதமாயிருந்த ஒரு தங்கச்சி கல்லில் உட்கார்ந்திருந்தார். அன்று பேசியதெல்லாம் உழைப்பாளியின் மகத்துவம். அந்தப் படத்தை இதே பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டோம். வெட்கமாயிருக்கிறது.

வருவார் என்று கிறிஸ்தவர் நம்பும் ராஜா ஒருமுறை வந்துவிட்டார், மறுபடியும் வருவார் என்பது அவர்களின் விசுவாசம். யூதர் இன்னும் காத்திருக்கிறார்கள். அந்த விசுவாசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எமக்கு அதிகாரமில்லை. ஆனால் இரண்டு கூட்டத்தாரும் காத்திருந்தபோது சும்மா இருக்கவில்லை. இடிந்ததைக் கட்டினார்கள், 'காப்பாற்று' என்று உரக்கக் கேட்டார்கள், வந்தவன் எதில் ஏறி வந்தான் என்று கவனித்தார்கள். நாமும் காத்திருந்தவர்கள்தான். 1948இல் பிரஜாவுரிமை போனபின் கடைசிப் பேர் வரை அது திரும்ப 2003 வரை ஆயிற்று. இன்று வாக்கு நம் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வருகிறவர்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் வரை இறங்கி வருகிறார்களா, வாகனத்தின் கண்ணாடியை மட்டும் இறக்குகிறார்களா என்று பாருங்கள். யாருக்குப் போடுங்கள் என்று இந்த இதழில் சொல்லப் போவதில்லை.

எமது பங்குக்கு, மே தினக் கூட்டம் பற்றித் தோட்டத் தலைவர்களுடனும் மாதர் கமிட்டிகளுடனும் பேசி முடிவெடுத்திருக்கிறோம். மாலை, பொன்னாடை, வெடி இல்லை. அந்தச் செலவுக்கு வாடகை நாற்காலியும் தண்ணீரும் எடுக்கப்படும். நாற்காலிகள் மேடைக்குக் கீழேதான் முதலில் போடப்படும். கூட்டம் ஒன்பது மணிக்கு. ஒன்பதுக்கு யார் வந்திருக்கிறார்களோ அவர்களோடு தொடங்குவோம். முதல் பேச்சு கொழுந்து மலையில் வேலை செய்யும் ஒரு பெண் தோழர் பேசுவார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஏப்ரல் 25ஆந் திகதிக்குள் தங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுக்கவும். எழுதித் தர வேண்டிய அவசியமில்லை, வாய்ச்சொல் போதும்.