எதுக்கு அடிக்கான்?

குற்றாலச் சாரல் மாதங்களில்தான் பெரிய சண்டைப் படங்களும் வந்து இறங்குகின்றன. ‘விக்ரம்’ 2022 ஜூன் 3. ‘மாவீரன்’ 2023 ஜூலை 14, ‘ஜெயிலர்’ அதே ஆண்டு ஆகஸ்ட் 10. ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12. 2025இல் ‘சூப்பர்மேன்’ ஜூலை 11, ‘கூலி’ ஆகஸ்ட் 14. பேரருவியில் வெள்ளம் கூடிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால் குற்றாலத்துக்கு வந்த கூட்டம் பிரானூர் பார்டரில் பரோட்டாவை முடித்துக்கொண்டு, தென்காசியில் என்ன படம் ஓடுகிறது என்று விசாரிக்க ஆரம்பிக்கும். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான். மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேறு இடம் கிடையாது.

இந்தப் பத்தி ரசிகர் மன்றத்துக்காரர்களைப் பற்றியது அல்ல. அவர்கள் கருத்து எப்படியும் ஊருக்குத் தெரிந்துவிடும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, நடுவில் பிள்ளைகள் அடம்பிடித்தால் இன்னொன்று என்று படம் பார்க்கிற சனத்தைப் பற்றியது. மரக்கடையில் லோடு ஏற்றுகிறவர், பீடி சுற்றுகிற அக்கா, செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் கல்லூரிப் பிள்ளை. இவர்கள் வாயில் ஒரு படம் எப்படி அலசப்படுகிறது என்பதை நான் விடாமல் கேட்டு வருகிறேன். நாலு பக்க விமர்சனத்தில் கிடைக்காத தெளிவு அதில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “எதுக்கு அடிக்கான்?”

எத்தனை பேரை அடித்தான், எப்படிப் பறந்தான் என்பதெல்லாம் அடுத்த பேச்சு. ‘மாவீரன்’ படத்தை இங்கே பெண்கள் மனதார ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம். சிவகார்த்திகேயன் அதில் படம் வரைகிறவன், பயந்தாங்கொள்ளி. குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். கை வைத்தால் உதிர்கிற சுவர். அவன் காதில் மட்டும் ஒரு குரல் கேட்கிறது, விஜய் சேதுபதி பேசிய குரல். அந்தக் குரல் சொல்லச் சொல்ல இவன் நடுங்கிக்கொண்டே அடிக்கிறான். “பாவம், அவனுக்கே பயம். ஆனா வீடு இடிஞ்சிரும்லா, அதான் அடிக்கான்” என்று ஒரு அம்மா தன் பேரனுக்கு விளக்கியதைக் கேட்டேன். மடோன் அஸ்வின் எழுதிய திரைக்கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஸ்பைடர்மேன் இங்கே எல்லா வயதுக்கும் பிடித்தவனாக இருப்பதும் இதனால்தான். வாடகை பாக்கி வைத்திருக்கிற பையன், அத்தையின் வளர்ப்பு. 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரயிலை நிறுத்திவிட்டு அவன் மயங்கி விழுந்ததும், பயணிகள் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்தி, ‘இவன் சின்னப் பையன்’ என்று பார்ப்பார்கள். டிவியில் எத்தனை முறை போட்டாலும் எங்கள் வீட்டில் அந்த இடத்தில் யாரும் எழுந்து போவதில்லை.

சக்திக்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு எல்லை வேண்டும், அதற்கு அவன் கொடுக்கிற விலையும் தெரிய வேண்டும் என்பது அமெரிக்கப் படங்களிலிருந்து இவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இல்லை. இந்தப் பக்கத்து ஐம்பது அறுபது வயதுக்காரர்களில் பலர் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அந்த மாயாவியை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால்தான் அவன் மறைவான், அப்போதும் இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். அந்த ஒற்றைக் குறைதான் கதைக்கு உயிர். ஊரில் கரண்டே இல்லாத ராத்திரியில் அரிக்கேன் வெளிச்சத்தில் அதைப் படித்ததாகச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் போனால் வில்லுப்பாட்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகாத குடும்பம் தென்காசிப் பக்கம் குறைவு. அங்கே பட்டவராயனாக நிற்கிற முத்துப்பட்டன் யார்? அந்தணர் குடும்பத்தில் பிறந்தவன். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். ‘பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா’ என்றார் மாமனார். அறுத்தான், கற்றுக்கொண்டான். கல்யாணம் முடிந்த கையோடு மாடுகளை ஓட்டிப்போக ஒரு கூட்டம் வந்தது. எதிர்த்து நின்று உயிரை விட்டான். பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்கினார்கள். இன்றைக்கும் நேர்ச்சையாக அவனுக்குச் செருப்பு வாங்கி வைக்கிறார்கள். ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் காவல் சுற்றுகிறான், அதனால்தான் அடி தேய்ந்து போகிறது என்று நம்புகிறார்கள். நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைத் தேடி எடுத்து அச்சில் கொண்டுவந்தார். சாதியை உதறியவன், பிறர் மாட்டுக்காகச் செத்தவன், செத்த பிறகும் காவல் விடாதவன்! இப்படி ஒருவனை வருஷா வருஷம் கும்பிட்டுவிட்டு வருகிற சனம் திரையில் ஒருத்தன் நூறு பேரை வெட்டுவதைப் பார்த்து வாயடைத்துப் போய்விடாது. எதுக்கு வெட்டினான் என்று கேட்கும்.

மலையாளத்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள், நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. 2025 ஆகஸ்ட் 28இல் ‘லோகா’ வந்தது. டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மானின் தயாரிப்பு, கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. உலகம் முழுக்க 300 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம் அது. நம் பெரிய நடிகர்களின் படச் செலவோடு வைத்துப் பார்த்தால் அதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். நாயகியாக வருகிறவள் கள்ளியங்காட்டு நீலி. அந்தக் கள்ளியங்காடு எங்கே இருக்கிறது? நம் நாகர்கோவில் பக்கத்தில். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் நீலி கதை காலங்காலமாகப் பாடப்படுகிறது. தொண்டை நாட்டுக்கும் பழையனூர் நீலி என்று ஒருத்தி உண்டு. அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண், நியாயம் கேட்கத் திரும்பி வந்தவள். படத்தில் கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூருவில் வாடகை வீட்டில் குடிவைத்து, இந்தக் காலத்துப் பெண்ணாக நடமாட விட்டார்கள். நம்ம சாண்டி மாஸ்டர்தான் வில்லன் போலீஸ்காரர்.

ஆரியங்காவு மலைப்பாதையைத் தாண்டினால் கேரளம். அந்தப் பக்கத்துப் படமான ‘லோகா’வைப் பற்றி இங்கே பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். “பொம்பளப் புள்ள அடிக்கது நம்புத மாதிரி இருந்துச்சு” என்றாள் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். நீலி குழந்தையாக இருக்கும்போது அவள் குடும்பத்துக்கு அரசன் ஆட்கள் செய்த கொடுமையைக் காட்டிவிட்டதால், பிற்பாடு அவள் அடிக்கிற அடிக்குக் கணக்கு நேராகிவிட்டது. அதற்கு முன்பே 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ‘மின்னல் முரளி’ நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் இறங்குகிறது. ஒருவன் தையல்காரன், இன்னொருவன் ஊரே ஒதுக்கிவைத்தவன். ஒதுக்கப்பட்டவனாக நடித்தவர் மதுரையைச் சேர்ந்த குரு சோமசுந்தரம். இங்கே படம் பார்த்தவர்கள் டொவினோ தாமஸைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வில்லனுக்காகக் கண் கலங்கிய படம் என்று.

தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிஷ்கின் 2012இல் ‘முகமூடி’ எடுத்தார். 2023இல் ‘வீரன்’ ஊர்க் காவல் தெய்வத்தைக் கதைக்குள் கொண்டுவந்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் ‘வீரன்’ போன திசையில் அதற்குப் பின் யாரும் துணிந்து நடக்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குத் திரைச் சண்டையின் உள்விவரமும் தெரியும். மத்தளம்பாறைப் பக்கம் ‘கேப்டன் மில்லர்’ எடுத்தபோது வெடிச் சத்தம் மலையடிவாரம் வரை கேட்டது. 2023 ஏப்ரலில் அனுமதிப் பிரச்சினையால் மாவட்ட நிர்வாகம் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தது. புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் இப்படி வெடிக்கலாமா என்ற கேள்வி நியாயமான கேள்வி. என் ஓட்டு அந்தக் கேள்வியின் பக்கம். 2024 ஜனவரி 12இல் படம் வந்தபோது, நம்ம மலை, நம்ம பாறை என்று பார்க்கப் போனார்கள். கோயிலுக்குள் விடப்படாத சனத்தின் கதை என்பது எல்லோருக்கும் பட்டது, அது பிடித்தது. பின்பாதியில் துப்பாக்கி ஓயவே இல்லை என்பதுதான் வெளியே வந்தவர்களின் குறை. சுந்தரபாண்டியபுரத்தில் ‘அந்நியன்’ பாட்டுக்காக வரைந்த முகங்களைப் பார்க்க இன்றும் ஆள் வருகிறது, சூரியகாந்தி பூத்தால் கேரளாவிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். அந்த மண்ணின் பச்சையைக் காட்ட வாய்ப்பிருந்தும் ‘கேப்டன் மில்லர்’ படத்தில் எதற்கு இவ்வளவு புகை என்று ஒருவர் என்னிடம் ஆதங்கப்பட்டார்.

சத்தத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து. “அண்ணாச்சி, படம் கெடக்கட்டும், காது ரெண்டும் அடச்சுப் போச்சு.” 2024 நவம்பர் 14இல் ‘கங்குவா’ வந்தபோது இந்தப் புகார் எவ்வளவு பெரிதாயிற்று என்றால், தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே ஒலி அளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி, பழி கடைசியில் ஒலிக் கலைஞர் தலையில் விழுகிறதே என்று வருந்தி எழுதினார். அவர் சொன்னது சரி. கதை பேச வேண்டிய இடத்தில் மேளத்தை ஏற்றச் சொல்கிறவர்கள் வேறு ஆட்கள்.

அடுத்தது ரத்தம். ‘கூலி’ படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தது. ரஜினி படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது என்பதை இந்த ஊர்த் தாத்தாக்களால் ஜீரணிக்கவே முடியவில்லை. ‘அண்ணாமலை’யையும் ‘பாட்ஷா’வையும் குடும்பத்தோடு பார்த்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஜூலையில் தணிக்கை வாரியம் ‘சூப்பர்மேன்’ படத்தில் 33 விநாடி முத்தக் காட்சியை வெட்டியது. ஒரு முத்தத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையும் ராத்திரி அலறி எழுந்திருக்காது. கழுத்து அறுபடுவதைப் பார்த்தால் எழும். எதை வெட்ட வேண்டும் என்பதில் வாரியத்தைவிட எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெளிவு அதிகம்.

ஒரு படம் புரிய இன்னொரு படம் பார்த்திருக்க வேண்டும் என்ற வழக்கமும் இவர்களை விரட்டுகிறது. வருஷத்துக்கு நாலு படம் பார்க்கிறவருக்குக் கடைசிக் காட்சியில் திடீரென்று வருகிற ஆள் யாரென்று தெரியாது. சுற்றிலும் விசில் பறக்கும், இவர் மட்டும் பக்கத்து சீட்டுப் பையனைப் பார்ப்பார். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழிலேயே கூட்டத்தை அள்ளியது, அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் பொருந்தவில்லை என்று பிள்ளைகள் சண்டை போடும் அளவுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். நாலு வருஷம் கழித்து ‘தி மார்வெல்ஸ்’ வந்த சுவடே இல்லாமல் போனது. அளவுக்கு மீறி எடுத்துத் தள்ளியதால் தரம் குறைந்தது என்று அப்போது டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகரே ஒப்புக்கொண்டார். நம் இயக்குநர்கள் அதைப் பார்த்த பிறகும் தங்கள் படங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர்களுக்கு ஒரு வேண்டுகோள் விட்டது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் யூடியூப் சேனல்கள் கருத்துக் கேட்பதை வளாகத்துக்குள் அனுமதிக்காதீர்கள் என்று. வாசலில் மைக்கை நீட்டி ஆத்திரத்தைக் கிளப்புகிறவர்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. தனிப்பட்ட வசவு கருத்து ஆகாது. ஆனால் மைக்கை அப்புறப்படுத்தினாலும் பேச்சு நிற்காது. அது டீக்கடையில் நடக்கும், பீடிக் கடையில் இலை வாங்கும் வரிசையில் நடக்கும். இரண்டாம் வாரம் படம் நிற்குமா என்பதை முடிவு செய்வது அந்தப் பேச்சுதான்.

இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நான் வைக்கிற வேண்டுகோள் இது. முதல் நாள் காட்சிக்குச் சென்னையில் கேமராக்களுக்கு நடுவே போவது போல, இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்குத் தென்காசிக்கு வாருங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். எந்த இடத்தில் ஒரு தாய் குழந்தையின் கண்ணைப் பொத்துகிறாள், எந்த இடத்தில் காதைப் பொத்துகிறாள், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுத் தானும் நிமிர்ந்து உட்காருகிறாள் என்று கவனியுங்கள். வருவது ஆடி மாதமானால் அமாவாசைக்குக் காரையாற்றுக்கும் போய்விட்டு வாருங்கள். முத்துப்பட்டனை இதுவரை யாரும் அவனுக்குரிய அளவில் படமாக எடுக்கவில்லை. எடுங்கள், இந்த ஊர்ச் சனம் குடும்பத்தோடு வந்து பார்க்கும்.