மரபணு மருந்து வரட்டும், முதல்ல காதைப் பாருங்க

வயசானவங்க மூளையைக் காப்பாத்த மரபணு சிகிச்சை வரப்போகுதுன்னு நீங்களும் படிச்சிருப்பீங்க. இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச வேலை இல்லை. 2001-லேயே அமெரிக்காவில் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார்கள். நோயாளியின் தோல் செல்லில், நரம்பை வளர்க்கும் புரதத்துக்கான மரபணுவை ஏற்றி மூளைக்குள் வைத்தார்கள். பிறகு அதே மரபணுவைத் தீங்கு செய்யாத ஒரு வைரஸில் ஏற்றி, 49 பேரை வைத்துச் சோதனை நடந்தது. 2018-ல் முடிவு வந்தது. பலன் இல்லை.

இறந்துபோன சிலரின் மூளையை ஆராய்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. போய்ச் சேர வேண்டிய நரம்பு செல்களுக்கு மருந்து சேரவே இல்லை. சொட்டுநீர்க் குழாய் வேரை விட்டுத் தள்ளிச் சொட்டினா, உரம் எவ்வளவு ஒசத்தியா இருந்து என்ன பிரயோசனம்? இப்போ வேறொரு புரதத்தின் மரபணுவை, ஸ்கேனில் இடம் பார்த்துச் செலுத்திச் சோதிக்கிறாங்க. ஜெயிக்கட்டும், எனக்கும் வயசாகுது.

ஆனா விலை? குழந்தைகளின் தசைச் சிதைவு நோய்க்கு 2019-ல் வந்த ஜோல்ஜென்ஸ்மா என்ற மரபணு மருந்து, அப்போ ஒரு ஊசி 21 லட்சம் டாலர். நம்ம பணத்தில் பத்துக் கோடிக்கு மேல. காடு கரையெல்லாம் வித்தாலும் ஆகாது.

மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கு என்று 2024-ல் லான்செட் குழு சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காது கேளாமை என 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. எங்க பக்கம் யாரும் கவனிக்காதது காதுதான். காது மந்தமானவர் முதல்ல டீக்கடைக்கு வர்றதை நிறுத்துவார். அப்புறம் வீட்டிலும் பேச்சு குறையும். கேட்டா, 'வயசாச்சு, அப்படித்தான்' என்பார்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. அதே நடையில் பெரியவங்களோட காதையும் ஞாபகத்தையும் வீடு வீடா சோதிக்கணும், கேட்கும் கருவி கையில் கிடைக்கணும். கோடி ரூபாய் மருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் இதைச் செய்யலாம்.

ஊருக்கு போன் பண்றப்போ அம்மா சம்பந்தமில்லாம பதில் சொன்னா, டவர் சரியில்லைன்னு விட்டுடாதீங்க. அடுத்த தடவை வரும்போது ஒருநாள் சேர்த்து லீவு போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காதைக் காட்டுங்க.