பிள்ளையைக் கால்பந்துக் கிளப்பில் சேர்க்கும் முன்...

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைசூர் மைதானம் ஒன்றின் ஓரத்தில் நின்று பார்த்தால் இந்தக் காட்சியைக் காணலாம். இரவு ஷிப்டு முடித்த கண்களோடு ஒரு தந்தை ஸ்கூட்டரில் மகனை ஏற்றிக்கொண்டு வருகிறார். பையன் முதுகில் ஒரு பை. அதில் பூட்ஸ், முழங்கால் உறை, தண்ணீர் பாட்டில். இரண்டு மணி நேரம் பயிற்சி நடக்கிறது. முடிந்ததும் பயிற்சியாளர் ஒரு காகிதத்தை எடுத்து அடுத்த வாரப் பந்தயத்துக்கான பெயர்களை வாசிக்கிறார். பதினெட்டுப் பெயர்கள். மைதானத்தில் நிற்பவர்களோ நாற்பது பேர்.

பெயர் வராத பையன் தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறான். தந்தை ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரைக் கிளப்புகிறார். அடுத்த மாதம் முதல் தேதி வந்தால் கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டிவிடுவார்.

பெயர் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் பையனை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். பலசரக்குக் கடையில் ஒரு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிற நம்மவர்கள், பிள்ளையின் ஐந்தாறு வருடங்களை ஒப்படைக்கும் இடத்தில் வாய் திறப்பதில்லை. இது மரியாதை அல்ல, அறியாமை. இந்த அறியாமையின் விலையைக் கொடுப்பவன் பையன்.

அன்றும் இன்றும்

கன்னட நாட்டில் வாழும் தமிழர்களுக்குக் கால்பந்து புதிதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக சுதந்திர இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அன்றைய இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் பெங்களூர் அருமைநாயகம் இருந்தார். பழைய மைசூர் மாநிலம் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. பிறகு 54 ஆண்டு காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று தோற்கடித்துத்தான் கர்நாடகம் மீண்டும் அந்தக் கோப்பையைத் தொட்டது. பெங்களூரில் தமிழர் நிறைந்த கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலையே உண்டு.

அந்தக் காலத்துப் பேட்டைக் கிளப்புகளில் மாதக் கட்டணம் என்ற பேச்சு கிடையாது. பேட்டைப் பெரியவர்கள் பந்து வாங்கிக் கொடுத்தார்கள். மூத்த ஆட்டக்காரர் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்று அந்த இடத்தைக் கட்டணப் பயிற்சிக் கூடங்கள் பிடித்துக்கொண்டன. மைதான வாடகை, பயிற்சியாளர் சம்பளம், நடுவர் கட்டணம், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆகவே கட்டணம் வாங்குவதே குற்றம் என்று சொல்வது நியாயமாகாது. கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 24,000 ஆயிற்று. ஒரு வருடத்துக்குள் கால் வளர்ந்து பூட்ஸ் சின்னதாகிவிடும். சீருடை, போட்டிக் கட்டணம், பெங்களூருக்குப் போய்வரும் ரயில் செலவு தனி. ஒரு குமாஸ்தாவின் போனஸ் அதிலேயே கரைந்துவிடும்.

தேர்வில் உள்ள சூட்சுமம்

போட்டிக் கிளப்புகளில் 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று அணிகள் பிரிகின்றன. வயதைக் கணக்கிட ஜனவரி 1-ஐ எல்லையாக வைப்பது வழக்கம். ஜனவரி 5-ல் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 20-ல் பிறந்தவனும் ஒரே அணிக்குப் போட்டியிடுகிறார்கள். பதினோரு வயதில் பதினோரு மாத வித்தியாசம் சின்ன விஷயமா? ஒருவன் தோள் அகன்று நிற்பான். மற்றவன் இடுப்பு உயரம்தான் இருப்பான். பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்ததில், இளைஞர் அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே கூடுதலாக இடம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. திறமை ஜனவரியில் மட்டும் பிறப்பதில்லை. உடல் வளர்ச்சியைத் திறமை என்று எடைபோடுகிறார்கள், அவ்வளவுதான்.

கோப்பை வேண்டும் என்று நினைக்கிற கிளப் பெரிய உடம்புக்காரனை ஆடவிடும். ஆட்டக்காரனை உருவாக்க நினைக்கிற கிளப் சின்னப் பையனுக்கும் நேரம் கொடுக்கும். பெற்றோர் கண்டுபிடிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். அலமாரியில் எத்தனை கோப்பை என்று எண்ணாமல், போன வருடம் சேர்ந்த பையன்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நார்வே நாட்டில் பதினோரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டில் புள்ளிப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஜெயித்தது யார் என்று குழந்தைகளுக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லத் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. அந்த நாட்டு ஹாலண்ட்தான் இன்று உலகம் வியக்கும் கோல் அடிப்பவர்களில் ஒருவர். பட்டியல் இல்லாததால் அங்கே ஆட்டம் கெட்டுவிடவில்லை.

பிறந்த தேதியில் விளையாட்டு வேண்டாம்

“ஒரு வருடம் குறைத்துச் சான்றிதழ் வாங்கி வாருங்கள், பையன் அணியில் நிச்சயம்” என்று காதோடு சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தப் பேச்சுக்குப் பெற்றோர் ஒருபோதும் செவிசாய்க்கக் கூடாது.

இடது கை மணிக்கட்டைப் படம் எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடும் சோதனை இந்திய விளையாட்டுத் துறையில் நடைமுறையில் இருக்கிறது. அதில் சிக்கினால் பையன் தடைக்கு ஆளாவான். சிக்காவிட்டாலும் ஆபத்து நீங்காது. சர்வீஸ் ரிஜிஸ்டரைப் புரட்டிய எந்தக் குமாஸ்தாவுக்கும் இது தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் இன்னொரு தேதி என்று இருந்தால், வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்தப் பையன் என்ன பதில் சொல்வான்? பதிமூன்று வயதில் கிடைத்த ஒரு கோப்பைக்காக இருபத்திரண்டு வயதில் கிடைக்கவேண்டிய உத்தியோகத்தை இழப்பதா? அதோடு, பொய் வயதுக்காரன் பிடித்த ஒவ்வொரு இடமும் உண்மை வயதுக்காரன் ஒருவனிடமிருந்து பறித்த இடம்.

பதிவு என்பது வெறும் காகிதம் அல்ல

கிளப்பில் சேர்வது வேறு. கிளப்பின் பெயரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தில் பதிவாவது வேறு. பலர் கட்டணம் கட்டிப் பயிற்சி பெறுகிறார்கள். பதிவு மட்டும் நடப்பதில்லை. பதிவில்லாதவன் சம்மேளனத்தின் போட்டிகளில் ஆட முடியாது. பதிவானவன் நினைத்தபோது வேறு கிளப்புக்கு ஆடிவிடவும் முடியாது. முறைப்படி மாற்றம் வாங்கவேண்டும். கையெழுத்துப் போடும்முன் படித்துப் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பதிவில் பணமும் இருக்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசி மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். 12 முதல் 15 வரையான நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குக் கால் சதவீதம். பிந்தைய ஆண்டுகளுக்கு அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்கு மாறினால், சிறுவயதில் நான்கு வருடம் பயிற்சி கொடுத்த ஊர்க் கிளப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் சேரும். ஆனால் பையன் அங்கே பதிவாகி இருந்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இப்படிப்பட்ட மாற்றம் ஆயிரத்தில் ஒருவனுக்கும் வருவதில்லை என்பது உண்மை. என்றாலும் இந்த விதி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. சிறுவனுக்குக் கொடுக்கும் பயிற்சிக்கு மதிப்பு உண்டு என்று உலகமே ஒப்புக்கொள்கிறது. பெற்றோரிடம் கட்டணமும் வாங்கிக்கொண்டு, பதிவும் செய்யாமல், ரசீதும் கொடுக்காமல் நடக்கிற இடத்தில் அந்த மதிப்பு யாருக்கும் கிடைக்காமல் போகிறது.

படிப்பை விற்றுப் பந்து வாங்கக் கூடாது

“பையன் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிடுவான், படிப்பு எதற்கு?” என்று கேட்கும் தந்தையர் ஒரு செய்தியை நினைவில் கொள்ளவேண்டும். 2025-ல் ஐ.எஸ்.எல். போட்டியின் வணிக உரிமை ஒப்பந்தம் சிக்கலில் மாட்டி, போட்டி உரிய காலத்தில் தொடங்கவில்லை. அந்த ஆகஸ்டில் பெங்களூர் எஃப்.சி. முதல் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. நாட்டின் முன்னணிக் கிளப்புகளில் ஒன்றின் ஆட்டக்காரருக்கே அந்த நிலை என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இதனால் ஆட்டமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி போன்ற இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ரயில்வே அணி சந்தோஷ் கோப்பையையே வென்ற அணி. ஆனால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர 18 முதல் 25 வயதுக்குள் இருக்கவேண்டும். பதவிக்கேற்ற படிப்பும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் ஆடிய சான்றும் வேண்டும். பந்து மட்டும் இருந்து மார்க் ஷீட் இல்லாதவனுக்கு அந்தக் கதவும் திறக்காது. பரீட்சைக்கு முந்தைய வாரம் வெளியூர்ப் பந்தயத்துக்கு அழைக்கும் கிளப்பிடம் “இந்த வாரம் வரமாட்டான்” என்று சொல்லப் பெற்றோருக்குத் துணிவு வேண்டும். பள்ளிக்கூடத்தின் வழியாகவும் பாதை உண்டு. 1960-ல் தொடங்கிய சுப்ரோத்தோ கோப்பை பள்ளி அணிகளுக்கென்றே நடக்கும் தேசியப் போட்டி. அதற்கு மாதக் கட்டணம் யாரும் கேட்பதில்லை.

பெண் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2017-18-லும் 2022-23-லும் தேசியப் பட்டம் வென்றார்கள். இந்திய அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். ஆட்டமும் உத்தியோகமும் ஒன்றாக வந்ததற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? ஆனால் பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் செல்லும்போது உடன் ஒரு பெண் பொறுப்பாளர் வருகிறாரா என்று கேட்பது தாயின் உரிமை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012 முதல் உள்ளது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஆணோ பெண்ணோ, பிள்ளைக்கு இந்த எண்ணைச் சொல்லிவைக்க வேண்டும்.

பெற்றோர் செய்யவேண்டியது

தவறு கிளப்புகளிடம் மட்டும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சியாளரைவிடச் சத்தமாகக் கத்துகிற தந்தையர் உண்டு. நடுவரைத் திட்டுகிறார்கள். எதிரணிப் பையன் விழுந்தால் கை தட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் “அந்தப் பந்தை ஏன் விட்டாய்?” என்று விசாரணை நடத்துகிறார்கள். அந்த விசாரணைக்குப் பயந்தே ஆட்டத்தை விட்ட பிள்ளைகள் எத்தனையோ. தோற்ற அன்று பிள்ளைக்கு வேண்டியது உபதேசம் அல்ல, சூடான இட்லி.

சேர்க்கும் முன் சில கேள்விகளைக் கேட்டால் போதும். பயிற்சியாளர் முறைப்படி பயிற்சிச் சான்று பெற்றவரா? கட்டணத்துக்கு ரசீது உண்டா? பையனை எந்தப் பெயரில், எந்த ஆண்டில் பதிவு செய்வார்கள்? ஒரு சீசனில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது எவ்வளவு நேரம் ஆட்டம் கிடைக்கும்? காயம் பட்டால் செலவு யாருடையது? அணியில் இடமில்லை என்றால் காரணத்தைப் பையனிடமே சொல்வார்களா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கிளப் நல்ல கிளப். “நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள்” என்று சொன்னால், வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கிளப்புகளும் ஒரு படி இறங்கி வரவேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவரையாவது கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். வருடக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் படிக்கலாம். தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கல் விழா மேடைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி இருபது பையன்களுக்குப் பூட்ஸ் வாங்கப் போதும். அசோகபுரம் ரயில்வே பணிமனை போன்ற இடங்களில் உழைக்கிறவர்களின் பிள்ளைகள் கால்பந்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நிலை வரக் கூடாது.

வெறுங்காலோடு ஆடி ஒலிம்பிக் வரை போன ஊர்க்காரர்கள் இவர்கள். இன்று பிள்ளைகளின் காலில் பூட்ஸ் இருக்கிறது. அதற்குப் பணம் கொடுத்த தந்தைக்கு, பெயர்ப் பட்டியலில் மகன் ஏன் இல்லை என்று மரியாதையாகக் கேட்கவும் வாய் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரைக் கிளப்பும்முன் அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். மற்ற பெற்றோரும் பின்னால் வருவார்கள்.