நாளைய வாத்தியார் யார் பக்கம்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் படிப்பவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்வது வழக்கமாகிவிட்டது. "கல்வி பற்றிய எனது தத்துவம்" என்பது தலைப்பு. ஹைஸ்கூல் உபாத்தியாயராகப் போகிறவர்கள் என்ன எழுதுகிறார்கள்? குழந்தை மலர், ஆசிரியர் தோட்டக்காரர் என்று எழுதுகிறார்கள். ஆசிரியர் தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி என்று எழுதுகிறார்கள். மார்க் கிடைக்கிறது, விஷயம் அதோடு முடிந்துபோகிறது.

மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கல்லூரிகளில் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாளை அவர்களுடைய வகுப்பில் உட்காரப் போவதும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். நம் பையன் பத்தாம் வகுப்பைத் தாண்டுவானா, ஒன்பதோடு நின்று மில் கேட்டுக்கு வருவானா என்பதில் அந்த வாத்தியாரின் மனதிலுள்ள தத்துவத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே உழைப்பாளி மக்களின் தரப்பில் நம் கருத்தைச் சொல்லிவைப்போம்.

யாருடைய காசு?

முதல் கேள்வி இதுதான்: வாத்தியார் படித்தது யாருடைய காசில்?

ஜோதிராவ் பூலே 1848-இல் புனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர். அவருடைய மனைவி சாவித்திரிபாய் அங்கே ஆசிரியையாக நின்றார். 1882-இல் ஹண்டர் கமிஷன் முன்பு பூலே ஓர் உண்மையை எடுத்து வைத்தார். சர்க்காரின் வருமானத்தில் பெரும்பகுதி உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பணம் மேல்சாதியாரின் உயர்படிப்புக்குப் போகிறது என்றார் அவர்.

இன்றைக்கும் நடவு நடுகிற பெண் சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறாள். பற்பசை வாங்கினால் வரி கட்டுகிறாள். அந்தப் பணத்தில்தான் கல்லூரிகள் நடக்கின்றன. ஆகவே படிப்பு எவரோ கொடுத்த வரம் அல்ல. அது உழைப்பாளி மக்களிடம் வாங்கிய கடன். கடனைத் திருப்ப வேண்டிய இடம் வகுப்பறை.

மக்குப் பிள்ளை உண்டா?

கடைசி பெஞ்சில் தூங்கி விழுகிற பையனை "மக்கு" என்கிறார்கள். அவன் ஏன் தூங்குகிறான்? ஒற்றை அறை லைன் வீடு. நள்ளிரவில் ஷிப்டு முடிந்து அப்பா வருகிறார். விடிவதற்கு முன்பே அம்மா எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். இடையில் எத்தனை மணி நேரம் தூக்கம்? நடவுக் காலத்தில் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளப் பத்து நாள் பள்ளிக்கு வராத பெண், திரும்பி வந்ததும் கணக்குப் புரியவில்லை என்றால் அது அவளுடைய மூளையின் குற்றமா?

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரக்கம் மட்டும் போதாது. "ஏழைப் பிள்ளைதானே, பாஸானால் போதும்" என்று பாடத்தைச் சுருக்குகிற வாத்தியாரும், "உனக்கெல்லாம் எதற்கடா படிப்பு?" என்று விரட்டுகிற வாத்தியாரும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

சோவியத் ஆசிரியர் மகரென்கோ ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன். 1920-இல் பொல்தாவா அருகே, உள்நாட்டுப் போரில் அநாதைகளாகித் தெருவில் திரிந்த சிறுவர்களுக்கான விடுதியை ஏற்று நடத்தினார். மனிதனை எவ்வளவுக்கு மதிக்கிறோமோ அவ்வளவுக்கு அவனிடம் கேட்கவும் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நாமும் இதையே கேட்கிறோம். அல்ஜீப்ராவையும் இங்கிலீஷையும் விஞ்ஞானத்தையும் நம் பிள்ளைகளுக்கு முழுப் படியாக அளந்து போடுங்கள், அரைப்படி வேண்டாம்!

சட்டம் நிற்கும் இடம்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. ஹைஸ்கூல் வாசலுக்கு வந்ததும் சட்டம் நின்றுவிடுகிறது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது தாண்டியவர்களை அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் தடுக்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறான். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி மில்லில் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று "சுமங்கலித் திட்டம்" பேசி, கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பு மில்களுக்கு எத்தனை பெண்களைக் கூட்டிப்போனார்கள் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் நாலு நாள் வரவில்லை என்றால், அவள் வீட்டுப் படியேறி விசாரிக்கிற வாத்தியார் வேண்டும். புரோக்கர் முந்துவதா, வாத்தியார் முந்துவதா என்பதே கேள்வி.

கைத்தொழிலா, குலத்தொழிலா?

1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். திராவிடர் கழகமும் திமுகவும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். காமராஜர் முதல் மந்திரியானதும் 1954-இல் அது கைவிடப்பட்டது.

அப்படியானால் பள்ளியில் உடல் உழைப்பே கூடாதா? கட்டாயம் வேண்டும். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற ஊரில் பஞ்சு மில் நடத்திய ராபர்ட் ஓவன், 1816-இல் மில் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று கல்விக்கூடம் திறந்தார். உற்பத்தி உழைப்பும் படிப்பும் உடற்பயிற்சியும் சேர்ந்ததுதான் எதிர்காலக் கல்வி. அதன் விதை ஓவனின் தொழிற்சாலை அனுபவத்தில் இருக்கிறது என்று 1867-இல் வெளிவந்த மூலதனம் முதல் பாகத்தில் மார்க்ஸ் எழுதினார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? குலக்கல்வி, தச்சன் மகனுக்கு உளியை மட்டும் கொடுக்கிறது. வக்கீல் மகனுக்கு உளியே கொடுப்பதில்லை. நாம் கேட்கும் கல்வியில் தச்சன் மகனும் வக்கீல் மகனும் ஒரே பட்டறையில் உளி பிடிப்பார்கள். உளி ஏன் வெட்டுகிறது என்ற விஞ்ஞானத்தையும் இருவரும் படிப்பார்கள். 2023-இல் மத்திய சர்க்கார் 18 பாரம்பரியத் தொழில்களுக்கு என்று "விஸ்வகர்மா" திட்டம் அறிவித்தது. 18 வயதிலேயே அதில் சேரலாம் என்றது. கல்லூரிக்குப் போகிற வயதில் பிள்ளையைப் பரம்பரைத் தொழிலுக்குக் கூப்பிடுகிற குரல் பழைய குரல்தான்!

மூலதனத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. மில்லில் வேலை செய்யும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதற்குச் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. சில வாத்தியார்கள் கையெழுத்துப் போடத் தெரியாமல், சிலுவைக் குறி கீறி சர்ட்டிபிகேட் கொடுத்தார்களாம்! காகிதத்தில் பள்ளி இருந்தது, கல்வி இல்லை. மாணவன் வராத நாளிலும் வருகைப் பதிவேட்டை நிரப்புகிற கை, அந்தச் சிலுவைக் குறியைத்தான் கீறுகிறது.

பாடம் எங்கே தொடங்குவது?

1963-இல் பிரேசில் நாட்டின் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ பிரேய்ரே என்ற ஆசிரியரும் அவருடைய குழுவும் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவு கொடுத்தார்கள். உழைப்பாளிகள் தினமும் பேசும் சொற்களை எடுத்தே எழுத்தைக் கற்பித்தார்கள். அந்நாளில் அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை. எழுத்து வந்தால் ஓட்டு வரும். ஓட்டு வந்தால் நிலப்பிரபு என்னாவான்? 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பிரேய்ரேயைச் சிறையில் அடைத்தது.

நம் ஊரில் பாடத்துக்குப் பஞ்சமா? 840 கஜம் ஒரு சிட்டம். 40 சிட்டம் சேர்ந்து ஒரு ராத்தல் எடை வந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். ஒரு ராத்தல் நூலை நீட்டினால் எத்தனை கஜம்? தஞ்சைப் பக்கம் 3 மா ஒரு ஏக்கர். 20 மா ஒரு வேலி. ஒரு வேலி எத்தனை ஏக்கர்? பின்னக் கணக்கு இங்கிருந்தே தொடங்கட்டும். பஞ்சுத் தூசியில் வேலை செய்பவனுக்கு வார லீவு முடிந்து வரும் முதல் நாளில் நெஞ்சு அதிகம் அடைக்கிறதே, ஏன்? அந்த பைசினோசிஸ் நோயைப் பற்றி விஞ்ஞான வகுப்பில் பேசட்டும். அப்பாவுக்குத் தெரிந்த விஷயம் பள்ளியிலும் மதிக்கப்படுகிறது என்று கண்ட பிள்ளை தலைநிமிர்ந்து உட்காருவான்.

நடுநிலை என்னும் மாயை

"வாத்தியாருக்கு அரசியல் எதற்கு? அவர் நடுநிலையாக இருக்கட்டும்" என்பார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழ்நாட்டு சர்க்கார் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்தபோது, "நான் நடுநிலை" என்ற வாத்தியாரை அது விட்டுவைத்ததா? வாத்தியாரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். வகுப்பில் கட்சிக்கொடி பிடிக்கச் சொல்லவில்லை. உண்மையை மறைக்காதீர்கள், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள், சாதி பார்த்துப் பெஞ்சைப் பிரிக்காதீர்கள் என்கிறோம். இது அரசியல் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்!

கற்பிக்கிறவனுக்கும் கல்வி தேவை என்று மார்க்ஸ் 1845-லேயே குறித்து வைத்தார். அந்தக் கல்வியைக் கொடுக்கும் பொறுப்பு பெற்றோராகிய நம்முடையது. கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அந்த நாற்காலிகளைக் காண்டிராக்டருக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டத்துக்குப் போங்கள், வாத்தியார் பற்றாக்குறையைக் கேளுங்கள், கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைக்காக வீட்டுப் படியேறி வரும் வாத்தியாருக்கு ஆபத்து வந்தால் சங்கம் அவர் பக்கம் நிற்கட்டும்.

பயிற்சிக் கல்லூரித் தம்பி தங்கைகளே! உங்கள் கட்டுரையில் மலரும் மெழுகுவர்த்தியும் இருக்கட்டும். அவற்றோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "என் வகுப்பிலிருந்து எந்தப் பிள்ளையையும் மில் புரோக்கரிடம் விடமாட்டேன்." அதை நிறைவேற்றிக் காட்டுங்கள். உழைப்பாளி மக்கள் உங்களை மறக்க மாட்டார்கள்.