குடிக்கிறவளுக்கும் ஒரு நாற்காலி

மதுவைப் பற்றிப் பேசினால் பெண்ணுக்கு நாம் தரும் வேடம் ஒன்றுதான்: அடிவாங்கும் மனைவி. டாஸ்மாக் வாசலில் மறியல் செய்பவளும் அவளே. குடிக்கிற பெண் நம் முழக்கங்களில்கூட இல்லை. உடல்வலி தாங்காமல் குடிக்கும் தூய்மைப் பணியாளரும், கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கும் அலுவலகப் பெண்ணும் எங்கே போவார்கள்?

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கட்டணமில்லை; குடியை விடும் விருப்பம் போதும். ஆனால் அது 1935இல் அமெரிக்காவில் இரு ஆண்கள் தொடங்கிய இயக்கம். 1939இல் வந்த அதன் மூலநூலில் மனைவியருக்கென ஓர் அத்தியாயம், மனைவியரின் குரலிலேயே இருக்கிறது. எழுதியவர் பில் வில்சன் என்ற ஆண். அவர் மனைவி லோயிஸ் எழுத விரும்பியும் இடம் தரவில்லை.

நம் ஊரில் இரவு ஏழு மணிக்கு, ஆண்கள் நிறைந்த அறைக்கு ஒருத்தி கிளம்பினால், பெயர் வெளிவராது என்ற உறுதி தெருமுனையிலேயே செத்துவிடும். குடிகாரன் திருந்தினால் ஊர் மெச்சும். குடிகாரி திருந்தினாலும் அந்தச் சொல் அவளை விடாது.

நான் இரக்கம் கேட்கவில்லை. பகலில் பெண்கள் மட்டும் கூடும் கூட்டம், பிள்ளையை உட்காரவைக்க ஓரிடம், ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் அதன் நேரமும் முகவரியும். நாள்தோறும் குடித்தவள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், ஏசாமல் பார்க்கும் மருத்துவரும் வேண்டும். 2003 முதல் கடையை நடத்தும் அரசுக்கு இது பெரிய செலவல்ல.

விட விரும்பும் இரண்டு மூன்று பேர் கூடினாலே அது குழு என்கிறது அந்த இயக்கத்தின் மரபு. தோழியரே, கடன் தவணைக்காக வாராவாரம் கூடுகிற நம்மால், இதற்கு மூன்று பேர் கூட முடியாதா?